தீர்ப்பாணை கையில் இருக்கிறது: கடனை எந்த வழியில் அறவிடுவது?

வெல்லாவெளிப் பக்கத்து விவசாயி ஒருவருக்கு மூன்று போகங்களுக்கு உரமும் களைநாசினியும் கடனாகக் கொடுத்த கடைக்காரர் ஒருவர், மட்டக்களப்பு மாவட்ட நீதிமன்றத்தில் 4 வருடம் வழக்காடி, 8 இலட்சத்து 40,000 ரூபாவுக்கும் அதன் வட்டிக்கும் வழக்குச் செலவுக்கும் தீர்ப்பாணை பெற்றார். அன்று பின்னேரம் எங்கள் சட்டத்தரணியின் அலுவலகத்துக்கு ஒரு பெட்டி இனிப்போடு வந்தவர், இலிகிதரான என்னிடம் கேட்ட முதற் கேள்வி இதுதான்: “தம்பி, காசைக் கோட்டில போய் எடுக்கிறதா, இல்லாட்டி அவங்களே அனுப்புவாங்களா?” அவருக்கு நான் அன்று சொன்ன பதில் பாதிதான். மீதியை அந்த வழக்கின் பின்பாதியில் அவரோடு சேர்ந்து நானும் கற்றுக்கொண்டேன். அதனால்தான், கையில் பணத் தீர்ப்பாணையை வைத்துக்கொண்டு அடுத்து என்ன செய்வதென்று யோசிக்கும் எங்கள் மட்டக்களப்பு, அம்பாறை மாவட்டத்து மக்களுக்காக, கிடைக்கக்கூடிய வழிகளை ஒன்றோடொன்று வைத்துப் பார்த்து இதை எழுதுகிறேன்.

முதலில் தெளிவாக வேண்டியது, தீர்ப்பாணை தானாக நடப்பதில்லை என்பது. யார் யாருக்கு எவ்வளவு கொடுக்க வேண்டும் என்று நீதிமன்றம் சொல்லிவிடும். கொடுக்காதவரிடமிருந்து அதை எடுத்துத் தருமாறு, 1889 ஆம் ஆண்டின் 2 ஆம் இலக்கக் குடியியல் நடவடிக்கைமுறைச் சட்டக்கோவையின்படி வென்றவரே மறுபடியும் விண்ணப்பிக்க வேண்டும். நீதிமன்றம் அந்த விண்ணப்பத்தை ஏற்றால், அதன் கட்டளைகளை நிறைவேற்றும் உத்தியோகத்தரான பிஸ்காலுக்கு, சொத்தைக் கைப்பற்றச் சொல்லும் எழுத்தாணை போகும். எந்தச் சொத்தைக் கைப்பற்றுவது என்று காட்டிக்கொடுக்க வேண்டியவரும் வென்றவரே. பிஸ்கால் உத்தியோகத்தர் ஊர் ஊராகப் போய்க் கடனாளியின் சொத்தைத் தேடிக் கண்டுபிடிப்பார் என்று எதிர்பார்ப்பவர்கள் பலர். அது அவருடைய வேலை அல்ல.

கால எல்லையையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். தீர்ப்பாணையின் திகதியிலிருந்து 10 வருடம் கடந்துவிட்டால் அதை நிறைவேற்றுமாறு கேட்க முடியாது. 10 வருடம் நிறையக் காலம்போலத் தெரிந்தாலும் முதலாவது வருடத்துக்குத் தனி மதிப்பு உண்டு. ஒரு வருடத்துக்குள் விண்ணப்பித்தால் பொதுவாகக் கடனாளிக்கு முன்கூட்டி அறிவிக்காமலே எழுத்தாணை பெறலாம். ஒரு வருடம் கடந்துவிட்டால் விண்ணப்பத்தின் பிரதியை அவருக்குச் சேர்ப்பித்து, அவர் சொல்வதையும் கேட்ட பிறகுதான் நீதிமன்றம் முடிவெடுக்கும். பிரதி சேரும் நாளுக்கும் எழுத்தாணை வரும் நாளுக்கும் இடையில், முற்றத்தில் நின்ற மோட்டார் சைக்கிள் மச்சானின் பெயருக்கு மாறிவிடுவதை எத்தனையோ தடவை பார்த்தாயிற்று. கடனாளி மேன்முறையீடு செய்திருந்தால், எழுத்தாணை நிறைவேறினால் தனக்குப் பெரும் நட்டம் ஏற்படும் என்று காட்டியும் பிணை கொடுத்தும் அவர் தடை கேட்க இடமுண்டு. மேன்முறையீடு செய்தார் என்பதற்காக மட்டும் எல்லாம் நின்றுவிடாது.

இனி வழிகளைப் பார்ப்போம். பொதுவாக முன்னால் இருப்பவை ஐந்து: அசையும் பொருட்களைக் கைப்பற்றி விற்பது, கடனாளிக்கு வேறொருவர் கொடுக்க வேண்டிய பணத்தைத் தடுத்து எடுப்பது, காணியைக் கைப்பற்றி ஏலத்தில் விடுவது, தவணைமுறையில் கட்ட இணங்குவது, கடனாளியைக் கைது செய்விக்க விண்ணப்பிப்பது. இவற்றுள் எது நல்லது என்று பொதுவாகக் கேட்பதில் பயனில்லை. எங்கள் பகுதியில் முதலில் கேட்க வேண்டிய கேள்வி, கடனாளியிடம் இருப்பதாகக் கண்ணுக்குத் தெரிவதெல்லாம் எவருடைய பெயரில் இருக்கிறது என்பதுதான்.

கடைக்காரரின் கதைக்கு வருகிறேன். அவருக்குக் கோபம். நான்கு வருடம் தன்னை அலைய வைத்தவரின் முற்றத்தில் பிஸ்கால் போய் நிற்பதை ஊர் பார்க்க வேண்டும் என்று விரும்பினார். எனவே அசையும் பொருட்களைக் கைப்பற்றும் வழியையே தெரிவு செய்தார். சிவப்பு நிற உழவு இயந்திரமொன்று, நெல் மூடைகள், ஒரு தண்ணீர்ப் பம்பி என்று பட்டியலும் கொடுத்தார். பிஸ்கால் உத்தியோகத்தர் முதலில் கடனாளியிடம் தொகையைக் கட்டும்படி கேட்டார். சட்டத்தின்படி முதல் வேலை அதுதான். கடனாளி கையை விரித்தார். உத்தியோகத்தர் உழவு இயந்திரத்தின் பக்கம் திரும்பியதும், கடனாளியின் மனைவி உள்ளே போய்ப் பொலித்தீன் பையில் சுற்றிய கடதாசிகளைக் கொண்டுவந்து திண்ணையில் ஒவ்வொன்றாக விரித்தார். வாகனப் பதிவுப் புத்தகத்தில் முழுமையான உரிமையாளர் என்ற இடத்தில் இருந்தது ஒரு லீசிங் கம்பனியின் பெயர். இன்னும் 19 தவணைகள் கட்டி முடியவில்லை. அதைத் தொட முடியாது. அடுத்து நெல். விறாந்தையில் 42 மூடைகள் இருந்தன. அவற்றில் ஒரு பகுதி விதைநெல் என்றும், 20 மூடை வயலின் சொந்தக்காரருக்குக் கொடுக்க வேண்டிய குத்தகை நெல் என்றும் சொன்னார்கள். மூடைகளின் வாயில் கட்டியிருந்த கயிற்றின் நிறத்தைக் காட்டி எது யாருடையது என்று பிரித்துக் காட்டவும் செய்தார்கள். அவர்கள் சொன்னதில் எவ்வளவு உண்மை என்பது எனக்குத் தெரிய வேண்டிய விடயமல்ல. சட்டத்தின் பார்வையில், கைப்பற்றிய பொருளுக்கு மூன்றாமவர் ஒருவர் உரிமை கோரினால் நீதிமன்றம் அந்தக் கோரிக்கையை விசாரித்தே ஆக வேண்டும். அந்தக் கட்டளையில் திருப்தியில்லாதவர் 14 நாட்களுக்குள் தனி வழக்கும் போடலாம். அதாவது 20 மூடை நெல்லுக்காக இன்னொரு வழக்கு. தண்ணீர்ப் பம்பியோ விவசாயியின் தொழிற்கருவி.

கைப்பற்ற முடியாதவை எவை என்று சட்டக்கோவை வகுத்துத்தான் வைத்திருக்கிறது. உடுபுடைவை, படுக்கை, தொழிலுக்கு வேண்டிய கருவிகள், விவசாயி என்றால் கமத்தொழில் கருவிகளும் அவர் தொடர்ந்து பிழைப்பதற்கு அவசியம் என்று நீதிமன்றம் கருதும் விதைநெல்லும் மாடுகளும், கூலித் தொழிலாளியின் கூலி, ஓய்வூதியம் என்பன அதில் அடங்கும். மருதமுனையில் ஒரு நெசவாளியின் தறியையோ, வாழைச்சேனையில் ஒரு மீனவரின் வலையையோ காட்டிக்கொடுக்க நினைப்பவர்கள் இந்தப் பட்டியலை முதலில் சட்டத்தரணியிடம் கேட்டறிய வேண்டும். இந்த விலக்குகள் எனக்கு முழுச் சம்மதம். தறியை விற்றுக் கடனை எடுத்தால் அடுத்த கடனை யாரும் திருப்பிக் கட்டப்போவதில்லை. ஆனால் கடன் கொடுத்தவருக்கு இவை இருப்பது பெரும்பாலும் வீட்டு வாசலில் நிற்கும்போதுதான் தெரியவருகிறது. அதற்குள் பிஸ்கால் கட்டணம், வாடகை லொறி, சுமை தூக்க வந்த இருவரின் கூலி எல்லாம் அவருடைய கையிலிருந்தே போய்விடும். கடைக்காரருக்கும் அதுதான் நடந்தது. அன்று லொறி வெறுமையாகவே, வெல்லாவெளி இருக்கும் படுவான்கரையிலிருந்து திரும்பியது.

ஆகவே அசையும் பொருட்களைக் கைப்பற்றுவது எப்போது பொருந்தும்? கடனாளி ஒரு வியாபாரியாக இருந்து, கடையில் விற்பனைச் சரக்கு இருந்து, அந்தச் சரக்கு அவருடையதுதான் என்பதில் ஐயமில்லாதபோது பொருந்தும். காத்தான்குடியிலோ கல்முனையிலோ பிரதான வீதியில் துணிக்கடை வைத்திருப்பவர், பெருநாளுக்கும் தீபாவளிக்கும் முந்திய வாரத்தில் கடையில் சரக்கு நிறைந்திருக்கும்போது பிஸ்கால் வந்தால், பெரும்பாலும் அன்றே எங்காவது காசு புரட்டிக் கட்டிவிடுவார். லீசிங்கில் இல்லாமல் கடனாளியின் சொந்தப் பெயரிலேயே இருக்கும் வாகனமும் நல்ல இலக்கு. அதை மோட்டார் போக்குவரத்துத் திணைக்களப் பதிவில் முன்கூட்டிப் பார்த்துவிட்டுப் போக வேண்டும். விவசாயக் குடும்பத்தின் முற்றத்துக்கு இந்த வழி பொருந்துவது அரிது.

காணியைக் கைப்பற்றுவதுதான் எல்லாவற்றிலும் பெரிய ஆயுதம் என்று எங்கள் ஆட்கள் நினைப்பார்கள். தொகை பெரிதானால் அந்த எண்ணம் சரிதான். ஆனால் கிழக்கில் காணி என்ற ஒரே சொல்லுக்குள் மிக வேறுபட்ட பொருட்கள் இருக்கின்றன. சொந்த உரிமை எழுத்துள்ள உறுதிக் காணி வேறு, அரசு அனுமதிப்பத்திரத்தில் கொடுத்த பெர்மிட் காணி வேறு. 1935 ஆம் ஆண்டின் காணி அபிவிருத்திக் கட்டளைச் சட்டத்தின் கீழ் அனுமதிப்பத்திரத்திலோ அளிப்பிலோ கொடுக்கப்பட்ட காணியைச் சாதாரணப் பணத் தீர்ப்பாணைக்காகக் கைப்பற்றி விற்க முடியாது. கல்லோயாத் திட்டத்தின் குடியேற்றக் காணிகளிலும், அம்பாறை, மட்டக்களப்பு மாவட்டங்களின் அரச காணிகளிலும் விவசாயம் செய்யும் ஆயிரக்கணக்கான குடும்பங்கள் இந்த வகை ஆவணத்தைத்தான் வைத்திருக்கின்றன. வட்டையில் பத்து ஏக்கர் வயல் விளைகிறது என்பதைக் கண்ணால் பார்த்துவிட்டு, “அந்தக் காணியை ஏலம் போடுங்கோ” என்று வருபவரிடம் நாங்கள் கேட்கும் முதற் கேள்வி, அது உறுதியா பெர்மிட்டா என்பதே. வயலைப் பார்த்தால் தெரியாது, காணிப் பதிவகத்திலும் பிரதேச செயலகத்திலும் பார்த்தால்தான் தெரியும்.

இரண்டாவது சிக்கல் எங்கள் வழமையோடு பிறந்தது. மட்டக்களப்பிலும் அம்பாறைக் கரையோரத்திலும், தமிழரிடையிலும் முஸ்லிம்களிடையிலும், மகள் கலியாணம் முடிக்கும்போது வீட்டையும் வளவையும் அவளுடைய பெயருக்கு எழுதிவைப்பதே பெருவழக்கு. மருமகன் வந்து குடியிருப்பது மனைவியின் வீட்டில். கடனாளி அந்த வீட்டில் 25 வருடமாக வாழ்ந்தாலும், கூரைக்கு ஓடு போட்டது அவருடைய காசானாலும், உறுதி மனைவியின் பெயரில் இருந்தால் கணவனின் கடனுக்காக அதைக் கைப்பற்ற முடியாது. கடன் கொடுக்கும்போது கையொப்பம் கணவனிடம் மட்டும் வாங்கிவிட்டு, வழக்கும் அவர் மீது மட்டும் போட்டுவிட்டு, இறுதியில் வீட்டை எடுக்கலாம் என்று நம்பியிருப்பவர்கள் அடிக்கடி ஏமாறும் இடம் இது. இந்தப் பாதுகாப்பு பெண்களுக்கு அவசியமானது என்பது என்னுடைய உறுதியான கருத்து. குறை இருப்பது, கடன் கொடுக்கும் நாளில் யோசிக்காமல் விட்ட இடத்தில்.

உறுதிக் காணி கடனாளியின் பெயரிலேயே இருந்தால், காணிவழி உண்மையில் வலிமையானது. பிஸ்கால் எழுதும் கைப்பற்றல் அறிவித்தல் காணிப் பதிவகத்தில் பதியப்பட்ட பிறகு, கடனாளி அந்தக் காணியை வேறொருவருக்கு எழுதிக்கொடுத்தாலும் அந்த எழுத்து தீர்ப்பாணை வைத்திருப்பவரைக் கட்டுப்படுத்தாது. எனக்குத் தெரிந்தவரை கடனாளிகளில் பலர் பேச்சுக்கு வருவது இந்தப் பதிவு நடந்த பிறகுதான். ஏலம் வரை போகாமலே அந்தப் பதிவு தன் வேலையைச் செய்துவிடும். ஏலம் வரை போனாலோ நேரம் ஆகும். அறிவித்தல், ஏலம், ஏலத்தில் எடுத்தவர் அன்றே 25 சதவீதம் வைப்பது, மீதியை 30 நாட்களுக்குள் கட்டுவது, ஒழுங்கீனம் நடந்ததென்று சொல்லி விற்பனையை நீக்குமாறு கேட்பதற்குரிய காலம், பின்னர் நீதிமன்றம் விற்பனையை உறுதிப்படுத்துவது, அதன்பின் உறுதி எழுதிக் கொடுப்பது, கடைசியாகக் காணியைக் கையளிப்பது என்று படிகள் நீளும். நீதிமன்றத்தின் முன் அனுமதியோடு, கடன் கொடுத்தவரே ஏலத்தில் எடுத்து, வரவேண்டிய கடனை விலையில் கழித்துக்கொள்ளலாம். சிறு ஊர்களில், அயலவரின் காணியை ஏலத்தில் எடுக்க எவரும் முன்வராத இடங்களில், இந்த ஏற்பாடு பெரும் உதவி.

ஆனாலும் இரண்டு விடயங்களைச் சரிபார்க்காமல் காணிவழியில் இறங்கக் கூடாது. ஒன்று, அந்தக் காணி வங்கிக்கு ஏற்கெனவே ஈடு வைக்கப்பட்டிருக்கிறதா என்பது. பதிவான ஈடு இருந்தால் வங்கியின் உரிமை முந்தியது, வாங்குபவரின் தலையில் அந்தச் சுமை இருக்கும். பிறகு ஏலத்தில் யார் நல்ல விலை கேட்பார்? இரண்டாவது, அது பிரிபடாத பங்கா என்பது. தகப்பனின் ஆறு ஏக்கரில் மூன்று சகோதரர்களுக்கு ஒவ்வொரு பங்கு என்றிருந்தால், கடனாளியின் பங்கைக் கைப்பற்றவும் விற்கவும் முடியும். ஆனால் அந்தப் பங்கை வாங்குபவர் 1977 ஆம் ஆண்டின் 21 ஆம் இலக்கப் பங்கீட்டுச் சட்டத்தின் கீழ் இன்னொரு வழக்கை எதிர்நோக்க நேரிடும். எங்கள் கடைக்காரரின் கடனாளிக்கு இருந்த ஒரே உறுதிக் காணி இப்படிப்பட்ட நாலு ஏக்கரில் மூன்றிலொரு பங்குதான். அது போக அவர் செய்த மூன்று ஏக்கர் வயலும் பெர்மிட். வீடு மனைவியின் சீதனம். சிவப்பு உழவு இயந்திரத்தைத்தான் ஏற்கெனவே பார்த்தோம்.

வழக்குத் தொடங்கிய பிறகு கடனாளி தன் பெயரிலிருந்த காணியைத் தம்பிக்கோ மருமகனுக்கோ ஒரு பெயருக்கு எழுதிவிட்டால், அந்த எழுத்தைக் கடன் கொடுத்தவரை ஏமாற்றச் செய்யப்பட்டதென்று காட்டி நீக்குவிக்கும் வழியும் உரோம-டச்சுச் சட்டத்திலிருந்து எங்களுக்கு வந்திருக்கிறது. அது தனி வழக்கு, நிரூபிக்கும் சுமையும் கடினம். சிறு தொகைக்கு இதைப் பரிந்துரைக்க மாட்டேன்.

கடனாளிக்கு வரவேண்டிய பணத்தைத் தடுத்து எடுக்கும் வழியான தடை அறிவித்தலுக்குத்தான் எங்கள் பகுதியில் உரிய மதிப்புக் கிடைக்கவில்லை என்று நினைக்கிறேன். கடனாளிக்கு வேறொருவர் கொடுக்க வேண்டிய பணம் இருந்தால், அந்த மூன்றாமவர் அதைக் கடனாளிக்குக் கொடுக்கக் கூடாது என்று எழுத்துமூலம் பிஸ்கால் ஊடாக அறிவிக்கலாம். வங்கிக் கணக்கில் இருக்கும் பணமும் சட்டப்படி வங்கி கடனாளிக்குக் கொடுக்க வேண்டிய கடன்தான். ஒப்பந்தக்காரருக்குப் பிரதேச சபை கொடுக்க வேண்டிய தொகை, விவசாயிக்கு ஆலைக்காரர் கொடுக்க வேண்டிய நெல்விலை, மாடு விற்றவருக்கு இறைச்சிக் கடைக்காரர் கொடுக்க வேண்டிய பாக்கி என்பனவும் அப்படியே. லொறி வேண்டியதில்லை, ஏலம் வேண்டியதில்லை, முற்றத்தில் ஊர் கூட வேண்டியதில்லை. சம்பளத்தையும் இந்த வகையில் எடுக்க இடமுண்டு. ஆனால் சம்பளத்துக்குச் சட்டம் எல்லைகள் வகுத்திருக்கிறது. ஊழியர் சேமலாப நிதியையும் ஓய்வூதியத்தையும் தொட முடியாது.

இதன் குறை, எங்கே அடிப்பது என்று தெரிந்திருக்க வேண்டும் என்பது. எந்த வங்கி, எந்தக் கிளை, எந்த ஆலை? வங்கியிடம் நேராகப் போய்க் கேட்டால் வாடிக்கையாளரின் இரகசியம் என்று சொல்லிவிடும், அது சட்டப்படி சரியும்கூட. இந்த இடத்தில்தான் சட்டக்கோவையின் 219 ஆம் பிரிவு கைகொடுக்கிறது. தீர்ப்பாணை நிறைவேறாமல் இருக்கும்போது, கடனாளியை நீதிமன்றத்துக்கு அழைத்து, அவருக்கு எவரெவர் எவ்வளவு கொடுக்க வேண்டும், அவருக்கு என்ன சொத்து, என்ன வருமானம் என்பவற்றைச் சத்தியத்தின் பேரில் விசாரிக்குமாறு விண்ணப்பிக்கலாம். கணக்குப் புத்தகங்களைக் கொண்டுவருமாறும் கேட்கலாம். பலர் இதை ஒரு சம்பிரதாயம் என்று நினைத்துக் கடந்துபோகிறார்கள். நானோ இதைத்தான் முதற்படியாக வைப்பேன். அந்த ஐந்து வழிகளில் எது பொருந்தும் என்பதை ஊரில் கேட்டறிந்ததைக் காட்டிலும் இந்த ஒரு மணி நேர விசாரணை நம்பகமாகச் சொல்லிவிடும். ஊர்ப் பேச்சில் எல்லாருக்கும் பத்து ஏக்கர் இருக்கும். சத்தியம் செய்து கூண்டில் நின்று சொல்லும்போது தொகைகள் சுருங்கும், பெயர்கள் வெளிவரும். ஒன்றுமே இல்லை என்று அவர் சொன்னால், அந்தச் சொல்லும் நீதிமன்றப் பதிவேட்டில் ஏறிவிடும். பிறகு பொய்யென்று தெரிந்தால் அதற்கு அவர் பதில் சொல்ல வேண்டிவரும்.

இன்னொரு காரணத்துக்காகவும் தாமதிக்கக் கூடாது. போகத்துக்குப் போகம் கடன் எடுக்கும் ஒருவர் ஒரு கடையில் மட்டும் கடன் பட்டிருக்க மாட்டார். பல பேர் தீர்ப்பாணை பெற்றிருந்தால், சொத்து பணமாவதற்கு முன்னர் விண்ணப்பித்தவர்களுக்கிடையில் அந்தப் பணம் விகிதப்படி பகிரப்படும். பணம் வந்த பிறகு விண்ணப்பிப்பவர் அந்தப் பங்கீட்டில் இல்லை.

நான்காவது, தவணைமுறை. நீதிமன்றத்தில் கடனாளி தன் நிலையைச் சொல்லி, தவணையாகக் கட்ட இடமளிக்குமாறு கேட்பது வழமை. கடன் கொடுத்தவர் இதைத் தோல்வியாக நினைக்கத் தேவையில்லை. ஏலத்துக்குப் போகும் காலத்தையும் செலவையும் கணக்கிட்டால், பாதுகாப்பான தவணை பல சமயம் இலாபமானது. ஆனால் ‘பாதுகாப்பான’ என்ற சொல்லில்தான் விடயம் இருக்கிறது. விவசாயியிடம் மாதத் தவணை கேட்பது தவறு. அவரிடம் பணம் வருவது மாசி பங்குனியில் பெரும்போகம் அறுத்த பிறகும், நீர் கிடைக்கும் இடமானால் ஆவணி புரட்டாதியில் சிறுபோகம் அறுத்த பிறகும்தான். மாதா மாதம் 20,000 ரூபா என்று எழுதிவைத்தால் மூன்றாவது மாதத்தில் முறிந்துவிடும். வருடத்துக்கு இரண்டு பெரிய தவணைகளாக எழுதினால் நிற்கும். கடற்றொழிலாளிக்கு வாடைக்காற்றுக் காலத்தில் தவணை வைக்கக் கூடாது. ஆசிரியருக்கும் எழுதுவினைஞருக்கும் மாதத் தவணையே சரி. தவணை தவறினால் முழுத் தொகையும் உடனே கட்ட வேண்டியதாகும் என்பதும், மீதிக்கு வட்டி ஓடுமா ஓடாதா என்பதும், வேறு ஒருவரின் பிணை உண்டா என்பதும் அந்தக் கட்டளையிலேயே எழுதப்பட வேண்டும்.

இதோடு சேர்த்து, எங்கள் சமூகத்தில் நான் அடிக்கடி காணும் ஒரு தவறையும் சொல்ல வேண்டும். தீர்ப்பாணை வந்த பிறகு இரண்டு பகுதியாரும் கோயில் நிர்வாகியான வண்ணக்கர் முன்னிலையிலோ பள்ளிவாசல் நிர்வாகத்தின் முன்னிலையிலோ கூடி, ஒரு தொகைக்கு ஒத்துக்கொண்டு, காசும் கைமாறிவிடும். மிக நல்ல காரியம். ஆனால் நீதிமன்றத்துக்கு வெளியே நடந்த கொடுக்கல் வாங்கலை நீதிமன்றத்தில் சான்றுப்படுத்தாவிட்டால், தீர்ப்பாணையை நிறைவேற்றும்போது நீதிமன்றம் அதைக் கணக்கில் எடுக்காது. கட்டியவருக்கு இதனால் பெரும் ஆபத்து. இரண்டு வருடம் கழித்து மனம் மாறியோ, தகப்பன் இறந்து மகன் பொறுப்பெடுத்தோ, முழுத் தொகைக்கும் மறுபடி எழுத்தாணை கேட்டால், “அன்றைக்குப் பெரியாக்கள் முன்னால குடுத்தனான்” என்ற பேச்சு மட்டும் உதவாது. கட்டும் ஒவ்வொரு தவணைக்கும் பற்றுச்சீட்டு வாங்கி, அடுத்த தவணைத் திகதியில் வழக்கேட்டில் பதிவுசெய்விப்பதுதான் இரு பக்கத்துக்கும் நிம்மதி.

தவணைக்குப் பின்திகதியிட்ட காசோலைகளை வாங்கிவைப்பதும் ஊரில் நடக்கிறது. கணக்கில் பணமில்லை என்று தெரிந்துகொண்டே காசோலை கொடுப்பது 1990 ஆம் ஆண்டின் 2 ஆம் இலக்கச் சட்டத்தின் கீழ் தண்டனைக்குரிய குற்றமாகலாம் என்பதால் அது ஓர் அழுத்தம்தான். எனினும் குடியியல் கடனைக் குற்றவியல் வழக்காக்கும் நோக்கத்தோடு அதை வாங்குவதை நான் ஆதரிக்க மாட்டேன். அதே சட்டமும், அதே ஆண்டில் வந்த 4 ஆம் இலக்கச் சட்டமும் வங்கிகளுக்குத் தனியான, விரைவான அதிகாரங்களைக் கொடுக்கின்றன. ஈடு வைத்த காணியை நீதிமன்றத்துக்கு வராமலே ஏலம் விட வங்கிகளுக்கு முடிகிறது. “வங்கி மூன்று மாதத்தில எடுக்குது, நாங்க ஏன் நாலு வருஷம் நிக்கிறம்” என்று கேட்கும் கடைக்காரர்களுக்கு விடை அதுதான். அந்த அதிகாரம் எங்களைப் போன்ற சாதாரண ஆட்களுக்கு இல்லை.

கைது செய்விக்கும் வழியைப் பற்றிச் சுருக்கமாகவே சொல்வேன். சட்டக்கோவையில் அது இருக்கிறது. ஆனால் கட்ட வழியில்லாதவர் என்பதற்காக மட்டும் ஒருவரைச் சிறைக்கு அனுப்ப நீதிமன்றம் முன்வராது. சொத்தை மறைத்தார், மோசடியாகக் கைமாற்றினார், தப்பியோட முயல்கிறார் என்பதுபோன்ற நிலை காட்டப்பட வேண்டும். ஒப்பந்தக் கடமையை நிறைவேற்ற இயலாமை என்ற காரணத்துக்காக மட்டும் எவரையும் சிறையிடலாகாது என்று குடியியல், அரசியல் உரிமைகள் பற்றிய சர்வதேச உடன்படிக்கையின் 11 ஆம் உறுப்புரை சொல்கிறது. இலங்கை 1980 இல் அந்த உடன்படிக்கையில் இணைந்தது. வழிகளைத் தெரிவு செய்யும்போது இதை முதலில் கேட்பவர்களிடம், உள்ளே போனவர் எப்படி உழைத்துக் கட்டுவார் என்று மட்டும் நான் கேட்பேன்.

அப்படியானால் எப்படித் தெரிவு செய்வது? கடனாளி அரச ஊழியரோ நிரந்தரச் சம்பளக்காரரோ என்றால் மாதத் தவணை, அது தவறினால் சம்பளத்துக்குத் தடை அறிவித்தல். வியாபாரி என்றால் வங்கிக் கணக்கும் கடைச்சரக்கும். சொந்தப் பெயரில் ஈடில்லாத உறுதிக் காணி இருந்து, கடன் பெருந்தொகையாகவும் இருந்தால், கைப்பற்றல் அறிவித்தலை உடனே பதிவுசெய்துவிட்டுப் பேச்சுக்குக் காத்திருப்பதே நல்லது. பெர்மிட் காணியில் பயிர் செய்து, மனைவியின் வீட்டில் இருக்கும் விவசாயி என்றால், அறுவடைக்கு ஒரு மாதம் முன்பாக 219 ஆம் பிரிவு விசாரணை, அறுவடையோடு ஆலைக்காரருக்குத் தடை அறிவித்தல், மீதிக்குப் போகத் தவணை. கடன் சிறிதாக இருந்தால், பிஸ்கால் செலவையும் சட்டத்தரணியின் கட்டணத்தையும் நினைத்து, தவணையோடு நிறுத்திக்கொள்வதுதான் புத்தி. கட்டணம் கொடுக்க வசதியில்லாதவர்கள் மட்டக்களப்பிலுள்ள சட்ட உதவி ஆணைக்குழுவின் நிலையத்தில் கேட்டுப் பார்க்கலாம்.

கடைக்காரருக்கு நாங்கள் இந்த ஒழுங்கைக் கற்றுக்கொடுக்கவில்லை, வெறுமையாகத் திரும்பிய லொறி கற்றுக்கொடுத்தது. மறுபடி விண்ணப்பித்து, தை மாதத்தில் கடனாளியை விசாரித்தபோது, கடந்த இரு போகமும் சம்மாந்துறைப் பக்கத்து ஆலையொன்றுக்கு நெல் கொடுத்ததாகவும், ஆலைக்காரர் பாதிக் காசை அறுப்பு முடிந்து ஒரு மாதம் கழித்தே கொடுப்பாரென்றும் அவர் தன் வாயாலேயே சொன்னார். அம்பாறை மாவட்டத்துக்கு எழுத்தாணை அனுப்புவித்து, பங்குனி நடுவில் தடை அறிவித்தலை ஆலைக்குச் சேர்ப்பித்தோம். ஆலைக்காரர் 3 இலட்சத்து 10,000 ரூபாவை நீதிமன்றத்தில் கட்டினார். மீதிக்கு வருடத்துக்கு இரண்டு தவணை என்று இணங்கி, கடனாளியின் மூத்த சகோதரர் பிணைக்கு ஒப்பமிட்டார். இதுவரை மூன்று தவணைகள் வந்திருக்கின்றன. ஒன்று 26 நாள் பிந்தியது. ஒவ்வொரு முறையும் கடைக்காரர் பற்றுச்சீட்டின் பிரதியோடு எங்கள் அலுவலகத்துக்கு வருகிறார், நாங்கள் அதை வழக்கேட்டில் சேர்ப்பிக்கிறோம். அடுத்த தவணை பெரும்போக அறுவடைக்குப் பிறகு.